ராயபுரத்திலிருந்து எர்ணாவூருக்கு ஒரு முருங்கைக் கொம்பு

வடசென்னையில் முருங்கைக்கு விதை போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. ஒரு வீட்டு மரத்தில் கொம்பு ஒடித்து அடுத்த வீட்டில் நடுவார்கள். அது பருத்ததும் அதிலிருந்து ஒடித்தது மூன்றாவது தெருவுக்குப் போகும். "யக்கா, ஒரு கொம்பு ஒடிச்சிக்கிறேன்" என்று கேட்டால், "ஒடிச்சிக்கோமா, பூ வெச்சத மட்டும் உட்டுடு" என்று உள்ளிருந்து குரல் வரும். காசுப் பேச்சே எழாது. கொம்பில் முளைப்பது தாய் மரத்தின் அச்சு. விதையில் பிறப்பதைப்போல அது குணம் மாறுவதில்லை. அதனால் ராயபுரம் பனைமரத்தொட்டியில் ஒரு மீனவர் வீட்டு வாசலில் நிற்கும் மரமும், பத்து கிலோமீட்டருக்குள் எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவரோரம் நிற்கும் மரமும் ஒரே மரமாக இருக்கலாம். உடம்புதான் இரண்டு.

நடுவதற்கும் ஒரு முறை உண்டு. மணிக்கட்டுக் கனத்தில், மூன்று நான்கு அடி நீளத்தில், முற்றிய கொம்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளங்கொம்பு அழுகிவிடும். வெட்டிய கொம்பை இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்தால் வெட்டுவாய் காய்ந்து ஆறும். பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு, மேல் நுனியில் சாணி உருண்டை ஒன்றை அப்பிவிடுவார்கள். மேல்வாய் வழியாக ஈரம் போய்விடக் கூடாது என்பதற்கு அது தொப்பி. தென்மாவட்டத்தார் இந்தக் கொம்பைப் போத்து என்பார்கள். அதிகம் தண்ணீர் ஊற்றக் கூடாது. தேங்கிய தண்ணீர் முருங்கைக்கு எமன். மணல் கலந்த மண்ணென்றால் அதற்குக் கொண்டாட்டம். கடலோர ராயபுரமும் திருவொற்றியூரும் மணல்பூமிதானே.

இந்த மரம் முதலில் இங்கே உள்ளதல்ல என்பது தாவரவியலார் சொல்வது. இமயத்தின் தென்மேற்கு அடிவாரம் அதன் பூர்வீகம். ஆனால் தமிழ்நாட்டுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. அகநானூற்றில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதல் பாட்டிலேயே மாமூலனார் முருங்கையைக் காட்டுகிறார். தலைவன் கடந்துபோன பாலை வழியில், நாரில்லாத அந்த மரத்தின் வெள்ளைப் பூக்களைச் சூறைக்காற்று அள்ளி வீச, அவை உடையும் அலையின் திவலை போலச் சிதறுகின்றன. வறண்ட நிலத்து மரத்துக்குக் கடலை உவமை சொல்லியிருக்கிறார். காசிமேட்டில் மாசி மாதத்துக் காலை நேரத்தில் முருங்கை பூவுதிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன: இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் அலை. நாரில்லாதது என்று அவர் சொன்னதும் கவனித்துச் சொன்னது. முருங்கைக் கிளையில் ஏறினவன் கீழேதான் இறங்குவான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவது இன்றைக்கும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

உலகம் முழுக்க அறிவியலார் இந்த மரத்துக்கு வைத்திருக்கும் பெயரும் நம் வாயிலிருந்து போனதுதான். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இந்த மரம் உள்ளூர்ப் பெயரோடு இடம்பெற்றது. அந்தப் பெயரே பிறகு இலத்தீனில் 'மொரிங்கா' ஆயிற்று. எண்ணெய் தரும் விதையைப் பார்த்து லமார்க் 1785-ல் 'ஒலைஃபெரா' என்ற அடைமொழியைச் சேர்த்தார். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அதன் இலையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வேரின் காரத்தைத்தான் கவனித்தார்கள். தங்கள் ஊர்க் காரக்கிழங்குக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவி மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொண்டார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்தில் நிலைத்தன. அடுத்தடுத்த வீடுகளில் ஒரு மரத்தின் வேர் ஒரு சமையலுக்கும் இலை இன்னொரு சமையலுக்கும் உதவக்கூடிய ஊராக இது இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் வேரைத் தோண்ட வேண்டாம். வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள்கள் உண்டு. கர்ப்பிணிகள் பட்டையையும் வேரையும் தொடவே கூடாது.

மரத்துக்குக் கால் கிடையாது, ஆட்கள்தான் கால். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், தீப்பெட்டிக்கு விம்கோ, மோட்டார் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்தபோது வேலை தேடிப் பல மாவட்டத்து மக்களும் வந்தார்கள். 1964 முதல் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலர் வியாசர்பாடியில் தங்க, சிலர் எண்ணூர்ப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு பர்மா நகர் இருக்கிறது. பர்மாவிலும் முருங்கை உண்டு. 'டான்டலூன்' என்று பெயர். காயைப் போட்டுப் புளிப்பாகக் குழம்பு வைப்பார்கள். சொத்து, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு இந்த ஊரில் முன்பே அறிமுகமான முகமாக இருந்தவற்றில் முருங்கையும் ஒன்று.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். இதற்குத்தானே மரம்.

கீரை ஆய்வதுதான் பெரும்பாடு என்று பலர் முருங்கையை ஒதுக்குகிறார்கள். அதற்கு ஒரு சுளுவான வழி உண்டு. மாலையில் ஒடித்த கொத்துகளை ஈரமில்லாத துணியில் சுற்றி மூலையில் வைத்துவிடுங்கள். விடிந்ததும் அவிழ்த்து உதறினால் இலைகள் தானாக உதிரும். ஈர்க்கு மட்டும் கையில் நிற்கும். அந்த ஈர்க்கையும் எறிய வேண்டாம். பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடித்தால் சளிக்கு நல்ல ரசம்.

வடசென்னையின் கைமுத்திரை என்று நான் சொல்வது முருங்கைக்கீரையில் சென்னாக்குன்னி போட்டுச் செய்யும் பொரியல். சென்னாக்குன்னி என்பது மீசை மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அளவிலான குட்டிக் கூனி இறால். காயவைத்துப் படியில் அளந்து விற்பார்கள். முதலில் அதை முறத்தில் போட்டுக் குப்பையும் மணலும் பொறுக்கி, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மணல் ஒன்று மீந்தாலும் முழுப் பொரியலும் போச்சு. எண்ணெயில் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு வதங்கியதும் சென்னாக்குன்னியைப் போட்டு ஒரு புரட்டு, பிறகு கீரை. தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். மூடக் கூடாது, மூடினால் பச்சை கறுத்துவிடும். உப்பைக் கடைசியில், அதுவும் பாதி அளவு. கடல் ஏற்கெனவே பாதி போட்டு அனுப்பியிருக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் இறக்கலாம். சுடுசோறும் ரசமும் இதுவும் இருந்தால் அந்த வேளைக்கு வேறு எதுவும் தேடாது.

இந்தச் சமையல் ருசிக்காக மட்டும் தோன்றியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கையில் காசு வற்றும். புதுமீன் விலை ஏறும். முருங்கை காய்த்துக் குலுங்குவதும் அந்த நாட்களில்தான். பானையில் கருவாடு இருக்கிறது, வாசலில் முருங்கை இருக்கிறது. வாளைக் கருவாட்டுக் குழம்பில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் மாங்காயும் சேரும். தட்டில் ஒரு ஓரம் கீரை. கடல் மூடியிருக்கும் இரண்டு மாதத்தை ஒரு மரம் தள்ளிக்கொடுக்கிறது என்றால் அதில் மிகை இல்லை.

ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேவுருக் கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் துணை. அந்த வாரம் தெருவில் மொட்டையாகாத முருங்கை இருக்காது. கேவுரு மாவில் கீரை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போடும் அடை ஆலை வேலைக்குப் போகிறவர்களின் கட்டுச்சோறாகவும் இருந்திருக்கிறது. ஆறினாலும் வாய்க்குப் பிடிக்கும் பண்டம் அது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் கொடுப்பது மீனவக் குடும்பங்களின் வழக்கம். பிலிப்பைன்ஸிலும் பாலூட்டும் தாய்க்கு 'மலுங்காய்' போட்ட சூப்தான் தருகிறார்கள். அந்தப் பெயரில் முருங்கையின் சாயல் கேட்கிறதா? யாழ்ப்பாணத்தார் நண்டுக் குழம்பை இறக்கும்போது ஒரு பிடி முருங்கை இலை போடுவார்கள். காசிமேட்டு நண்டில் ஒருமுறை அப்படிச் செய்து பாருங்கள். இலை அரை வேக்காட்டில் நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து இலை போட்டால் நெய் மணக்கும். பொரிந்த இலையைச் சோற்றில் பிசைந்து முதலில் யார் சாப்பிடுவது என்று வீட்டில் சண்டை நடக்கும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கை இலையில் புரதம் 6 கிராமுக்கு மேல், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். அந்தக் கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். தேங்காய்த் துருவலும் ஒரு கரண்டி எண்ணெயும் போட்டுப் புரட்டிய நம் வீட்டுப் பெண்கள் யாரும் அட்டவணை பார்க்கவில்லை. ஆனால் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இலையில் உள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேர, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிவது நல்லது.

இவ்வளவு நல்ல இலை, நம் பகுதியில் ஒரு கறுப்புப் போர்வையோடுதான் வளர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரத்தில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி சாம்பல் நிறமாகும். கீரையை அலசிய தண்ணீர் மைத்தண்ணீராக ஓடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அந்தச் சரக்குகள் அங்கே நின்றன. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்து இலை வெளுத்தது. எண்ணூர்ப் பக்கத்து மக்கள் தலையில் சுமை கூடியது. அங்கே முன்பே அனல்மின் நிலையங்களின் சாம்பல் இருந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையை ஒட்டிக் கிடக்கும் செப்பாக்கத்தில் காற்றடித்தால் கூரை, சோறு, இலை எல்லாவற்றிலும் அது படியும். ஒரு ஊரின் தூசியை இன்னொரு ஊருக்கு மாற்றியதைத் தீர்வு என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் இந்தப் பகுதியில் கீரை சமைப்பவர்களுக்குச் சில வார்த்தை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் போகின்றன. சாலையைப் பார்த்த கிளையை விட்டு, வீட்டுப் பக்கம் உள்ள மேல்கொம்பில் ஒடியுங்கள். ஆய்வதற்கு முன்பே கொத்தோடு அகலமான அண்டாவில் முக்கி அலசுங்கள். தண்ணீரை வடிக்காமல் கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும், அப்போதுதான் தூசி அடியில் தங்கும். மூன்று தண்ணீர். இலை மேல் படிந்தது கழுவினால் போகும். வேர் வழியாக ஏறிய உலோகம் கழுவினால் போகாது. ஆலைக் கழிவோ சாம்பலோ கொட்டிய மண்ணில் அரைக்கீரை, சிறுகீரை போன்ற தரைக்கீரைகளைப் போடவே வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைச் சாக்கிலோ தொட்டியிலோ நிரப்பி அதில் போடுங்கள்.

மண்ணே இல்லாமல் போனவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வடசென்னைக் கடலோரக் குப்பங்களை அடித்தது. ராயபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பல திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தக் கொட்டகைகள் தீப்பிடித்தன; மழையில் மூழ்கின. பிறகு எர்ணாவூரில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. கரையிலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து மாடிக்கு. குப்பத்து வீடு சின்னதுதான்; ஆனால் வாசலில் ஒரு முழம் மண் இருந்தது. மாடி வீட்டில் சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, குழாய்கூட இருக்கிறது. மண் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் சிமென்ட் உடைந்த இடுக்கிலும், கழிவுநீர்த் தொட்டி மூடியை ஒட்டிய ஓரத்திலும் கொம்பை ஊன்றி வளர்த்திருப்பதை இப்படிப்பட்ட குடியிருப்புகளில் பார்க்கலாம். அந்த மரங்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

புயல்களும் முருங்கையை விட்டுவைக்கவில்லை. 2016 டிசம்பர் 12 வர்தாவில் சென்னையின் பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தபோது நாரில்லாத முருங்கை எம்மாத்திரம்? ஆனால் இடுப்புயர மொட்டை நின்றால் போதும். சில வாரங்களில் துளிர்க்கும். விழுந்த கொம்புகளும் நடவுக்கு ஆகும். அதை அழிக்கக் காற்றால் முடியவில்லை, தண்ணீரால் முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம்வரை படர்ந்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் பர்மா நகரும் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடின. அப்படி ஓடும்போது கையில் எதையும் எடுக்க முடியாது. திரும்பி வந்து கொம்பு கேட்கத்தான் முடியும்.

இதற்கிடையில் முருங்கை வேறொரு பாதையிலும் போய்க்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை என்று கடல் தாண்டிய ஊர்ப்பெயரோடு தமிழ்நாட்டில் வழங்கிய பல்லாண்டு மரங்களுக்குப் பக்கத்தில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் பி.கே.எம்-1 என்ற விதை முருங்கையை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் காய்க்கும் அந்த வகை தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. இலையை உலர்த்திப் பொடித்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். விவசாயிக்கு வருமானம் வருகிறதென்றால் நல்லதுதான். ஆனால் வாசலில் மரம் உள்ளவர் கடையில் பொடி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொடியில் சென்னாக்குன்னிப் பொரியல் செய்ய முடியாது.

முருங்கையை வீட்டு முன்னால் வைக்காதே என்ற பழைய பேச்சுக்குக் காரணம் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். பட்டால் அரிப்பு. நெஞ்சுயரத்தில் கவாத்து செய்து வந்தால் கண்ணெட்டும் உயரத்தில் பூச்சியைப் பார்த்து அப்புறப்படுத்தலாம், இலையும் கைக்கெட்டும். மண்ணே இல்லாத மாடிக்காரர்கள் பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் மணலும் கலந்து நிரப்பி நடலாம். காய்க்கு அது போதாது. வாரம் ஒருநாள் கீரைக்குப் போதும்.

குடிசை மாற்றுக்கும் மறுகுடியமர்வுக்கும் இனி வரைபடம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் சிமென்ட் பூசாமல் மூன்றடி மண்ணை விடுங்கள். கழிவுநீர் தேங்காத இடமாக விடுங்கள். செடி நட்டுத் தர வேண்டாம், தொட்டி வாங்கித் தர வேண்டாம். அதை அங்கே வருகிற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். கையில் கொம்போடுதான் வருவார்கள்.

உங்கள் வீட்டில் மரம் இல்லையென்றால் மழைக்காலம் ஓய்ந்து ஈரம் வடிந்ததும் தை மாதத்தில் நடலாம். பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் மரம் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.